கோமதிநாயகத்தின் ஆக்சிஜன் அளவு

2021 மே 3, திங்கள்

எங்கள் அடுக்ககத்துக்கு இன்று அறிவு வந்து இறங்கியது. மூன்று அட்டைப்பெட்டிகளில்.

இறக்கியவர் சங்கச் செயலாளர் டேனியல் ஜெபசிங். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். பதவியில் இருந்தபோது யாருக்கும் கடன் கொடுக்காத குறையை இப்போது அறிவுரை கொடுத்துத் தீர்த்துக்கொள்கிறார். பாளையங்கோட்டையிலேயே முதல் 'அறிவார்ந்த கட்டடம்' நம்முடையதுதான் என்று கீழ்க்கூடத்தில் நின்று அறிவித்தார். கட்டடத்துக்கு அறிவு வந்துவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு அது தேவைப்படாது என்பது அவர் எண்ணமாக இருக்கலாம்.

வாசலில் நெற்றியின் சூட்டை அளக்கும் கேமரா. சொன்னதைக் கேட்டுத் தானே மேலே போகும் லிப்ட். தனிமையில் இருப்பவர் வீட்டு வாசல்வரை சாப்பாடு கொண்டுபோய் வைக்கும் தள்ளுவண்டி ஒன்று. தள்ள ஆள் வேண்டாம். இவற்றுக்கெல்லாம் மேலே, அறுபது வயது தாண்டியவர் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் பெயர் 'சுவாசத் தோழன்'. காலையும் மாலையும் அதன் கவ்வியில் விரலைக் கொடுத்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்து, நம் பெயரோடு ஒரு தனியார் மருத்துவமனையின் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பிவிடும். அளவு விழுந்தால் யாரும் கேட்காமலே ஆம்புலன்ஸ் வரும், யாரும் கெஞ்சாமலே படுக்கை ஒதுக்கப்படும். ஊரெல்லாம் படுக்கைக்காக மந்திரியின் மைத்துனரைத் தேடிக்கொண்டிருக்கிறது. பெட்டி அந்த வேலையைச் செய்யுமாம்.

எனக்கு அறுபத்தேழு. ஆகவே ஒரு பெட்டி கிடைத்தது. என் மனைவி செண்பகவல்லிக்கு ஐம்பத்தெட்டு. அவளுக்கு மூச்சு இருப்பதாகச் சங்கம் கருதவில்லை.

மே 4, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் தொடங்கியது. வாசல் கேமராவின் கணக்குப்படி பாளையங்கோட்டையில் எல்லோருக்கும் காய்ச்சல். காய்கறி வாங்கப் போனவர்களைத் திரும்ப உள்ளே விடவில்லை. கடைசியில் காவலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். வருகிறவர்கள் தோட்டக் குழாயில் தலையை நனைத்துவிட்டுக் கேமரா முன் நிற்க வேண்டும். அறிவார்ந்த கட்டடத்துக்குள் எல்லோரும் இப்போது ஈரத்தலையோடு நுழைகிறார்கள், கோயிலுக்குப் போவதுபோல.

எனக்கு இந்தத் தொல்லை இல்லை. பின்பக்கக் கதவுக்குக் கேமரா கிடையாது. வழக்கம்போல அந்தோணியார் தெரு டீக்கடைக்குப் போனேன். நண்பன் காசிலிங்கமும் வந்திருந்தான். 1918-இன் ஸ்பானிஷ் ஃப்ளூ காய்ச்சலில் முதலில் செத்தவர்கள் படைவீரர்களா துறைமுகத் தொழிலாளர்களா என்று வாதம். முகக்கவசம் மூக்கில் இருந்தால் வாதம் செய்ய வராது. தாடைக்கு இறக்கிக்கொண்டோம். வென்றது நான்.

மே 6, வியாழன்

பெட்டி காலையிலிருந்து கூவிக்கொண்டிருந்தது. விரலைக் கொடு, விரலைக் கொடு. முப்பது வருடம் கல்லூரியில் வரலாறு நடத்தியவன் நான். எந்த முதல்வரும் என் விரலைப் பிடித்துப் பார்த்ததில்லை. அந்த வேலையைச் செண்பகத்திடம் கொடுத்துவிட்டேன்.

புதிதில்லை. கேஸ் பதிவு, மின்கட்டணம், வங்கிக்காரன் அனுப்பும் ரகசிய எண், எல்லாம் அவள் பொறுப்பு. என் செல்போனே சமையலறை அலமாரியில், பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆனாலும் இதற்குத் தயங்கினாள்.

"எம் விரல வச்சா அது ஒங்க மூச்சா எப்படி ஆகும்?"

அதற்கு விரல் என்றால் விரல்தான், வெண்டைக்காயை வைத்தாலும் தொண்ணூறு காட்டும் என்றேன். கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துவிட்டு வைத்தாள். 98.

"நல்லா இருக்கிய," என்றாள்.

மே 8, சனி

இந்த மக்களைப் பற்றி நான் குறைவாக மதிப்பிட்டிருந்தேன். இன்னும் குறைவாக மதிப்பிட்டிருக்க வேண்டும்.

ஜெபசிங் எல்லோருடைய அளவையும் கீழ்க்கூடத் தொலைக்காட்சியில் ஓடவிட்டிருக்கிறார். பார்ப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசைப்படுத்தியிருக்கிறார். போதாதா? பொதுத்தேர்வு நடக்காத வருடம். மதிப்பெண்ணுக்கு ஏங்கிக் கிடந்த கட்டடம் உயிர் பெற்றுவிட்டது. மூன்றாம் மாடிப் பல் மருத்துவர் தன் மாமியார் தொண்ணூற்றொன்பது எடுத்ததை வாட்ஸ்அப் குழுவில் போட்டு எல்லோருக்கும் கைகூப்பியிருக்கிறார். இரண்டாம் மாடியில் தொண்ணூற்றைந்து எடுத்த பெரியவரை மருமகள் திட்டுவது படிக்கட்டுவரை கேட்டது. அடுத்த மாடிக்காரர் மூச்சுப் பயிற்சிக்கு யூடியூபில் தனிவகுப்பு கேட்கிறாராம். ஒருவர் மட்டும் நூறு எடுத்தார். விசாரித்ததில், கல்லூரியில் கபடி ஆடும் பேரனின் விரலாம். குழுவில் பெரிய கண்டனம். நேர்மையே இல்லை என்று நானும் நான்கு வரி சொல்லி, செண்பகத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னேன்.

நான் இரண்டாம் இடம். 98. எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். வாசிப்பு என்றேன். என் நுரையீரலை இவ்வளவு பேர் பாராட்டியது இதுவே முதல்முறை.

மே 10, திங்கள்

முழு ஊரடங்கு. காசிலிங்கத்துக்குக் காய்ச்சலாம். வெயிலில் அலைந்தால் வரத்தான் செய்யும். அவன் சொல்வது எதிலும் ஆதாரம் இருக்காது.

மே 13, வியாழன்

பால் அடிப்பிடித்துப் புகை கூடம்வரை வந்துவிட்டது. நான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். செண்பகம் பக்கத்திலேயே நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். வாசனை தெரியவில்லையா என்றால், மூக்கடைப்பு என்கிறாள். செல்போன் சமையலறையில் இருந்தால் இப்படித்தான். கவனம் அதில் போய்விடுகிறது.

மே 14, வெள்ளி

ரசத்தில் உப்பு இரண்டு தடவை. சொன்னேன். ஒருவாய் எடுத்துப் பார்த்துவிட்டு, சரியாத்தான இருக்கு என்றாள். நாற்பது வருடமாகச் சமைக்கிறவளுக்கு உப்பு தெரியாமல் போவது எப்படி? இருமுகிறாள் வேறு. மிளகாய் வறுத்த நெடி என்கிறாள். இன்று மிளகாய் எதுவும் வறுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

மே 15, சனி

பதினோராம் இடத்துக்கு இறங்கிவிட்டேன். 95.

ஜெபசிங் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். வயதானால் ஏற்ற இறக்கம் சகஜம் சார் என்றார், இழவு வீட்டுக் குரலில். வரிசையில் எனக்கு மேலே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். தினமும் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பதைத் தவிர வேறு எதற்கும் மூச்சுவிடாதவர்கள். விரலைச் சரியாக வைக்கும்படி செண்பகத்திடம் சொன்னேன். சரியாத்தான் வச்சேன் என்றாள். இன்னும் அழுத்தி வை என்றேன்.

மே 16, ஞாயிறு

93. பெட்டி இப்போது பேசவே ஆரம்பித்துவிட்டது. தமிழ் தெரியாத ஒரு பெண்ணைத் தூக்கத்தில் எழுப்பிப் படிக்கச் சொன்னதுபோல ஒரு குரல். "அன்பான கோமதிநாயகம், தங்கள் ஆக்சிஜன் அளவு குறைகிறது. குப்புறப் படுக்கவும். ஆழமாக மூச்சு விடவும்." நான் நாற்காலியில் சாய்ந்து வைஸ்ராய் மேயோ காலத்துப் பழைய ஆண்டறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தேன். மாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கியும் பார்த்துவிட்டேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. அறிவியலின் நிலை இது.

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடக் காணோமே என்று உள்ளே போனால், செண்பகம் கட்டிலில் குப்புறப் படுத்திருக்கிறாள். எனக்குச் சொன்னதை இவள் ஏன் செய்கிறாள் என்று கேட்டேன்.

"யாராவது செய்யணும்லா," என்றாள், தலையணைக்குள் இருந்து.

இந்த ஜனங்களை இயந்திரம் ஆள்வதற்கு அதிக நாள் ஆகாது.

மே 17, திங்கள்

வெற்றி. விரிவாக எழுத வேண்டிய நாள்.

காலை எட்டரைக்குப் பெட்டி அலறியது. 88. நான் அப்போது இரண்டாவது தோசையில் இருந்தேன். தோசைக்குச் சட்னி இல்லை, பொடிதான். அதை முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. பெட்டி கூப்பிட்டிருக்கிறது. கவச உடையில் இரண்டு பேர், சக்கரப் படுக்கை, ஆக்சிஜன் உருளை. லிப்டுக்கு அவர்கள் சொன்ன மாடி புரியாமல் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அங்கிருந்து இறங்கி வந்து, மூச்சு வாங்க, கோமதிநாயகம் யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன், தோசையோடு.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மேல்மாடிக் கம்பிகளில் தலைகள். ஜெபசிங் இரண்டு முகக்கவசம் போட்டு, ஆறடி தள்ளி, படிக்கட்டில். நாற்பது வீட்டின் முன்னிலையில் என்னைப் படுக்கச் சொன்னார்கள். மறுத்தேன். மாரிச்செல்வம் என்ற இளைஞர் தன் பையிலிருந்து இன்னொரு கவ்வியை எடுத்து என் விரலில் மாட்டினார். 98. மறுபடி மாட்டினார். 98. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், காலைல நீங்கதான விரல் வச்சிய?" என்று கேட்டார் அவர்.

"பின்னே யார் வைப்பார்கள்?" என்றேன்.

செண்பகம் கதவுக்குப் பின்னால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கூட்டம் இருந்தது, பொருள் இருந்தது. பேசினேன். மனிதன் எண்ணாக மாறுவது பற்றி, தொற்றுநோய்க் காலங்களில் அதிகாரம் எப்படி வீட்டுக்குள் நுழைந்தது என்பது பற்றி, பிளேக் காலத்து பம்பாயில் அக்குளைச் சோதித்த சோல்ஜர்கள் பற்றி. மேல்மாடியில் யாரோ கைதட்டினார்கள். உயிருக்குப் போராடும் ஒருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வண்டியை இந்தப் பெட்டி இங்கே வரவழைத்திருக்கிறது என்று சொல்லி முடித்தேன். மாரிச்செல்வம் கும்பிட்டுவிட்டு உருளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஜெபசிங் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இன்னும் எழுத இருக்கிறது. காபி வரவில்லை.

அதே நாள்

கட்டிலில் கிடந்த செண்பகத்தின் விரலில் பெட்டியின் கவ்வியை மாட்டினேன். 86.

கருவி பழுது என்றுதான் நானே சொல்லியிருக்கிறேன். என் விரலில் மாட்டினேன். 98. மறுபடி அவள் விரலில். 86. இடதுகை. 85. என் விரல். 98.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வார்த்தைக்கு வார்த்தை நின்று சொன்னாள்.

"என்னயத் தூக்கிட்டுப் போயிட்டா... ஒங்களுக்கு யாரு... பொங்கிப் போடுவா?"

அவர்கள் வாசலில் நின்றார்களே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீங்க பேசிட்டு இருந்திய."

கட்டுப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டேன். அந்தக் குரல்தான் எடுத்தது. தங்கள் எச்சரிக்கை தவறானது என்று எங்கள் பணியாளர் நேரில் உறுதிசெய்துள்ளார், நலமாக இருங்கள் என்றது. இல்லை, தவறு இல்லை என்றேன். நலமாக இருங்கள் என்றது. மனிதரிடம் பேச வேண்டும் என்றேன். நலமாக இருங்கள்.

ஜெபசிங் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். முகக்கவசம் இல்லாமல் போய்விட்டேன். உள்ளே ஓடிப்போய் இரண்டு மாட்டிக்கொண்டு வந்தார். விரல் யாருடையது என்று சொன்னேன். முதல் நாளிலிருந்தே என்றும் சொன்னேன். அவர் சிரித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"படுக்கை இன்னும் ஒங்க பேர்லதான் சார் இருக்கு," என்றார். "காலைல ரத்து பண்ணப் பாத்தேன். ஒங்க போனுக்கு ஓடிபி அனுப்புதேன்னுச்சு. பத்து தடவ கூப்பிட்டேன், யாரும் எடுக்கல. அப்படியே கிடக்கு."

போன் அலமாரியில்தான் இருந்தது. அதை எடுக்க வேண்டியவள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள்.

ஆம்புலன்ஸ் அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது. ஜெபசிங் தன் காரை எடுத்தார். பின்னிருக்கையில் அவளைக் குப்புறப் படுக்கவைத்தோம். மருத்துவமனை வாசலில் முந்நூறு பேர் இருப்பார்கள். மூடிய கம்பிக்கதவு. மருத்துவமனை என் போனுக்கு அனுப்பியிருந்த கட்டம்கட்டமான படத்தை அங்கே ஒரு கண்ணாடியில் காட்டினார் ஜெபசிங். கதவு திறந்தது. "நல்வரவு, கோமதிநாயகம்" என்றது. சக்கர நாற்காலியில் செண்பகத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே நின்ற நர்ஸ் சீட்டைப் பார்த்தாள். ஆண், 67. சேலையைப் பார்த்தாள். பேரை மாத்துனா படுக்கை போயிரும், அப்புறம் பாத்துக்கலாம், நீங்க போங்க என்றாள்.

முந்நூறு பேரும் எங்களைப் பார்த்தார்கள். பேசுவதற்கு என்னிடம் பொருள் இல்லை.

மே 18, செவ்வாய்

எனக்கும் தொற்று இருப்பதாகப் பரிசோதனை முடிவு. அறிகுறி எதுவும் இல்லை. மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டியிருக்கிறார்கள். வாசலைத் தாண்டினால் கூவும்.

காசிலிங்கம் நேற்றுக் காலை இறந்துவிட்டானாம். யாரையும் பார்க்க விடவில்லையாம்.

மே 19, புதன்

செய்தி காலை ஏழு மணிக்கு வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

"அன்பான கோமதிநாயகம், தாங்கள் மருத்துவமனையில் நலமாக உள்ளீர்கள். தங்கள் ஆக்சிஜன் அளவு, உதவியுடன், 89. தைரியமாக இருங்கள்."

மே 20, வியாழன்

"அன்பான கோமதிநாயகம், தங்கள் அளவு 88. தாங்கள் இரவு நன்றாக உறங்கினீர்கள்."

நான் உறங்கவில்லை.

எனக்குச் சர்க்கரை உண்டு. அவளுக்குக் கிடையாது. என் பெயரில் இருப்பதால் என் மாத்திரையை அவளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று தோன்றி ஐந்து தடவை கூப்பிட்டேன். குரல் சொன்னது: "தாங்கள் உள்நோயாளி. தங்கள் ஐயங்களைத் தங்கள் படுக்கைக்கு அருகில் உள்ள நர்ஸிடம் கேட்கவும்." என் படுக்கைக்கு அருகில் அழுக்குத் துணிதான் இருக்கிறது. கடைசியில் ஜெபசிங் எப்படியோ அந்த நர்ஸையே பிடித்துவிட்டார். அவள் சொன்னாளாம், எங்களுக்கும் கண் இருக்கு சார், அவங்க ரத்தத்த நாங்களும் பாத்தோம், சர்க்கரை இல்ல.

சாப்பாடு தள்ளுவண்டியில் வருகிறது. ஜெபசிங்கின் மனைவி கொடுத்தனுப்புகிறாள். வண்டி கதவில் மோதி நின்று, எடுத்துக்கொள்ளும்வரை பாடுகிறது. எடுக்காவிட்டாலும் பாடுகிறது. எடுத்தேன். மீன்குழம்பு. நாங்கள் சைவர்கள் என்பது தெரியாதுபோல. சோற்றை மட்டும் தண்ணீர் விட்டுச் சாப்பிட்டேன்.

மே 21, வெள்ளி

85.

மே 22, சனி

ஏழு மணிக்குச் செய்தி வரவில்லை. எட்டுக்கு வரவில்லை. ஒன்பதுக்கு வந்தது மின்வாரியத்தினுடையது.

கீழ்க்கூடத் தொலைக்காட்சியில் என் பெயர் இருக்கிறதா என்று ஜெபசிங்கிடம் கேட்டேன். வரிசையை நேற்றே எடுத்துவிட்டேன் சார் என்றார். போனை வைக்காமல் இருந்தார். நானும் வைக்கவில்லை. அவர் வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தேடினேன். இருந்தது.

மே 23, ஞாயிறு

"அன்பான கோமதிநாயகம், பராமரிப்புப் பணியின் காரணமாக நேற்று செய்தி அனுப்ப இயலவில்லை. வருந்துகிறோம். தங்கள் அளவு 89."

பராமரிப்புப் பணி. எழுதியவனைக் கண்டுபிடித்து முப்பது வருட மாணவர்களை அனுப்பி உதைக்க வேண்டும். செய்தியைப் பதினைந்து தடவை படித்தேன். எதிர்வீட்டுக்காரருக்குக் கதவு வழியாகப் படித்துக்காட்டினேன். அவர் மருமகளும் வந்து கேட்டாள். நல்ல மார்க் என்றாள்.

மே 25, செவ்வாய்

92.

மே 26, புதன்

காலையில் வீட்டில் ஏதோ பாடியது. தள்ளுவண்டி என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். இல்லை. செண்பகத்தின் போன். கட்டிலுக்கு அடியில், சார்ஜரோடு கிடந்தது. இத்தனை நாளும் யார் அதற்குச் சக்தியேற்றினார்கள் என்றால், நான்தான். அவள் எண்ணுக்கு யாராவது செய்தி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று மாட்டிவைத்திருந்தேன்.

அந்தக் குரல். "வணக்கம், திருமதி செண்பகவல்லி. தங்கள் கணவர் தங்களைக் காண விரும்புகிறார்."

வார்டில் ஒரு பலகைக் கணினியைப் படுக்கை படுக்கையாகக் கொண்டுபோகிறார்கள். நோயாளியின் குடும்பத்தாரை அதுவே கூப்பிடும். கோமதிநாயகத்துக்குக் குடும்பம் என்று பதிவாகியிருப்பது செண்பகவல்லி. கூப்பிட்டுவிட்டது. எதை அழுத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழுத்தினேன்.

திரையில் முதலில் ஒரு கூரை மின்விசிறி. பிறகு அவள். மூக்கில் குழாய், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பொட்டு இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை. தலைமாட்டில் யாரோ ஒரு அட்டையைச் செருகியிருந்தார்கள். அதில் என் பெயர், என் வயது. அவளும் அதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சவரம் செய்துகொள்ளவில்லை.

நான் பேசுவதற்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தவை நிறைய. அவள்தான் ஆரம்பித்தாள். இடையில் நிறுத்தி நிறுத்தி.

"நான் கோமதிநாயகம்... பேசுதேன். வீட்ல செண்பகம்... சாப்பிட்டாச்சா?"

பின்னால் நர்ஸ் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இன்னும் இல்ல," என்றேன். "நீங்க சாப்பிட்டியளா?"

நாற்பது வருடத்தில் அவளை நான் நீங்க என்று சொன்னதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கவில்லை. உடனே அந்தக் குரல் குறுக்கே வந்து, நோயாளிக்கு ஓய்வு தேவை என்று அழைப்பை முடித்துவிட்டது. அடுத்த அழைப்பு நாளை காலை பத்து மணிக்காம். தங்கள் கணவரிடம் அதிகம் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று எனக்கு அறிவுரையும் சொன்னது.

சரிங்க என்றேன் அதனிடம்.